வருத்தம் 1%, ஆபத்து 19 மடங்கு: பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை எண்களை எப்படிப் படிப்பது?

பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை பற்றி விவாதம் கிளம்பினால் இரண்டு எண்கள் தவறாமல் வந்துவிடும். ‘செய்துகொண்டவர்களில் 1% பேர்தான் வருந்துகிறார்கள்’ என்பது ஒன்று. ‘அவர்களிடம் தற்கொலை 19 மடங்கு அதிகம்’ என்பது இன்னொன்று. இரண்டுமே நிஜ ஆய்வுகளில் இருப்பவைதான்.

முதலில் அந்த 1%. 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளில் இருந்த 7,928 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து இதைச் சொன்னது. சரி, ‘வருத்தம்’னா என்ன? விஷயமே இங்கேதான் இருக்கு.

ஆம்ஸ்டர்டாம் மருத்துவ மையத்துக்கு 1972 முதல் 2015 வரை வந்த 6,793 பேரின் பதிவுகளை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. விரைகளையோ சினைப்பைகளையோ நீக்கிக்கொண்ட பிறகு வருந்தியவர்கள் திருநங்கைகளில் 0.6%, திருநம்பிகளில் 0.3%. ஆனால் இந்தக் கணக்கில் சேர, ஒருவர் திரும்பி வந்து பிறப்புப் பாலினத்துக்கான ஹார்மோனை எடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வருத்தம் என்று ஃபைலிலும் பதிவாகியிருக்க வேண்டும். தழும்பு, வலி, உணர்ச்சிக் குறைவு என்று அதிருப்தியோடு இருப்பவர் இதில் வரவே மாட்டார். அதனால் ‘1% வருத்தம்’ என்பதை ‘99% திருப்தி’ என்று திருப்பிப் போட முடியாது.

மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் தொடர் கண்காணிப்பில் இருந்து விலகிவிட்டார்கள். இவர்கள் எல்லாம் வருந்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. நன்றாக இருப்பவருக்கும் ஆஸ்பத்திரி பக்கம் போக வேலை இல்லையே! வருந்தியவர்களுக்கு அது தெரியவர சராசரியாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இரண்டு வருடம் மட்டும் பின்தொடரும் ஆய்வு இதைப் பிடிக்காது. இன்னொன்று: வருந்திய சிலருக்குப் பிரச்சினை அறுவை சிகிச்சையே இல்லை, குடும்பமும் சமூகமும் ஒதுக்கியதுதான்.

அடுத்து 19 மடங்கு. இது 2011-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு. 1973 முதல் 2003 வரை சிகிச்சை பெற்ற 324 பேர். தற்கொலையால் இறந்தவர்கள் 10 பேர். எண்ணிக்கை சிறியது என்பதால், அந்த 19 உண்மையில் 5.8 முதல் 62.9 வரை எங்கும் இருக்கலாம். அதைவிட முக்கியம், ஒப்பிட்டது யாரோடு என்பது. பொது மக்களோடு! சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காத திருநர்களோடு அல்ல. சிகிச்சைக்குப் பிறகும் இவர்களுக்கு மனநல ஆதரவு தேவை என்பதுதான் அதில் தெரிவது. அறுவை சிகிச்சை பலன் தந்ததா என்பதை இந்த ஆய்வை வைத்து முடிவுசெய்ய முடியாது என்று அதை எழுதியவர்களே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். ஃபார்வர்டில் அந்த வரி மட்டும் வருவதில்லை.