பட்டியலில் முதல் பெயர்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையுமான சில்லுகளை, ஒருசிலவற்றைத் தவிர, அது ஏற்பதில்லை. 1972 முதல் இன்டெல் தொழிற்சாலை இயங்கிவரும் மாநிலம் நம் பினாங்கு. இங்கிருந்து ‘மலாய்’ என்ற முத்திரையோடு உலகெங்கும் போன சில்லுகள் பல இன்னும் நன்றாகவே கணக்குப் போடுகின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கும் நிபோங் திபாலில் லினக்ஸ் தெரிந்த இளைஞர்களுக்கும் குறைவில்லை. பழைய மடிக்கணினியை வீசவேண்டாம், லினக்ஸ் போடலாம் என்பதில் பலருக்கும் உடன்பாடுதான். விண்டோஸை அழித்துவிட்டுப் போடுவதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா என்பதில்தான் பேச்சு பிரிகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. ஆனால் கணினியைத் திறந்ததும் எது முதலில் எழவேண்டும் என்ற முடிவு உங்களிடம் இருக்கவேண்டும்.

அந்த முடிவின் விலை வணிகர்களுக்கு எப்போதோ தெரியும். 1990-களின் இறுதியில் ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனம் விண்டோஸோடு பீஓஎஸ் என்ற இயங்குதளத்தையும் ஏற்றிக் கணினிகளை விற்றது. திறந்ததும் பீஓஎஸ் மட்டும் கண்ணில் படவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் உரிம ஒப்பந்தம் துவக்கப் பட்டியலைக் காட்டவிடாமல் தடுத்தது என்று பீஓஎஸை உருவாக்கிய பீ நிறுவனம் 2002-இல் வழக்குத் தொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே மறு ஆண்டு 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் வேறொரு பாடம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தன. அரசு செய்த நல்ல காரியம் அது. ஆனால் வகுப்பறையும் கடைக்காரரும் ஒன்றையே பேசினால், மற்றது வட்டின் ஒரு மூலையில் தூங்கத்தானே செய்யும்?

பழைய பயாஸ் கணினிகளில் இந்தப் போட்டி அப்பட்டமாக நடந்தது. வட்டின் முதல் 512 பைட்டில் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். கடைசியாக நிறுவப்பட்டது முந்தையதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு போடு என்ற விதி வந்தது. இன்றைய யுஇஎஃப்ஐ ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை கொடுத்துவிட்டது: விண்டோஸின் பூட் லோடர் ஒரு கோப்புறையில், லினக்ஸின் க்ரப் இன்னொன்றில். முன்னுரிமை வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. ஆனாலும் சச்சரவு ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டும், பலருடைய லினக்ஸைத் துவங்கவிடாமல் செய்தது. முழுத் தீர்வு வர 2025 மே ஆனது. க்ரப்பில் உண்மையாகவே ஓட்டை இருந்தது, அதை அடைக்கத்தான் வேண்டும் என்பது நியாயமான பதில். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் உரிமையாளரைக் கேட்காமலே அடைத்ததை எப்படி ஏற்பது?

இவ்வளவு தொல்லை எதற்கு, விண்டோஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக லினக்ஸை ஓட்டலாமே என்பார்கள். 16 ஜிபி நினைவகம் உள்ள புதுக் கணினிக்கு அது சரி. நாம் பேசுவது 4 ஜிபி பழசைப் பற்றி. அதில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டுமே திணறும். தவிர, ஆதரவு நின்ற விண்டோஸையே அடித்தளமாக்கி அதன்மேல் லினக்ஸை ஓட்டுவதில் பாதுகாப்பும் இல்லை. அப்படியானால் விண்டோஸை அழித்துவிடலாமே என்றால், லினக்ஸில் ஓடாத கணக்கு மென்பொருளும் பழைய அச்சுப்பொறியும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? இணையத்தைத் துண்டித்து, அந்த ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும் விண்டோஸ் இருக்கட்டும். க்ரப் பட்டியலில் முதல் பெயர் லினக்ஸாக இருக்கட்டும்.

சில முன்னெச்சரிக்கைகள் உண்டு. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது கணினியை முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் விடுவதால், லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்டிஷனில் எழுதினால் கோப்புகள் கெடலாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். நிபோங் திபாலில் பகல் 12 மணிக்கு விண்டோஸ் அதிகாலை 4 என்று காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லவேண்டாம், லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பார்டிஷனில் கைவையுங்கள்.