அங்கண நீர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, வாழையும் நெல்லும் செழித்து விளங்கும் ஊர் களக்காடு. அம்மலையில் தோன்றும் பச்சையாறு அவ்வூர்ப் பக்கத்து வயல்களை வளமுறச் செய்து, பின்னர்த் தாமிரபரணியோடு கலக்கின்றது. பொருநை என்று பண்டையோர் போற்றிய அப்பேராறு, புன்னைக்காயலின் அருகே கடலை அடையுமுன் எண்ணற்ற ஊர்களுக்குக் குடிநீர் நல்குகின்றது. ஆகவே, களக்காட்டைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் நாம் தெருவில் விடும் கழிவுநீர் நம்மோடு முடிந்துபோவதன்று. கீழ்க்கரையில் வாழ்வார் ஒருவரது குடத்தை நோக்கி அது புறப்பட்டுவிடுகின்றது.

தென்பாண்டி நாட்டில் பாத்திரங் கழுவும் இடத்திற்கு அங்கணம் என்பது பெயர். திருவள்ளுவரும் ஆண்ட பழஞ்சொல் அது. இன்று அதனை விடுத்து ‘சிங்க்’ என்கிறோம். சொல்லோடு அதன் பின்னிருந்த வழக்கமும் மறைந்து வருகின்றது. அங்கணத்து நீர் முன்னெல்லாம் கொல்லைப்புறத்து வாழைக்கும் தென்னைக்கும் பாயும். மண்ணும் வேரும் அதனை உண்டுவிடும். தெருவை எட்டுவது சிறிதே. இவ்வேற்பாட்டைப் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்நாளில் நீரைக் கிணற்றிலிருந்து கையால் இறைத்தனர். ஆதலின் செலவும் குறைவு. 2019 ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், சிற்றூரில் ஆளுக்கு நாளொன்றிற்கு 55 லிட்டர் குழாய்நீர் என்று வகுத்தது. வீட்டிற்கு வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாய் வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. அவ்வாறாயின், ஐவர் வாழும் இல்லம் நாள்தோறும் 220 லிட்டர் கழிவுநீரை வெளிவிடும். கொல்லையோ பல வீடுகளில் சிமெண்டுத் தளமாயிற்று. நீர் வேறெங்குச் செல்லும்? தெருவிற்கும், ஓடைக்கும், குளத்திற்குமே செல்லும்.

குளித்த நீரையும் துவைத்த நீரையும் அடக்குதல் எளிது. கல்லும் மணலும் இட்ட உறிஞ்சுகுழி ஒன்றும், அதன் அருகே இரண்டொரு வாழையும் இருப்பின் பெரும்பாலும் போதும்.

மலநீர் அத்தகையதன்று. செப்டிக் டாங்க் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். அது பாதி வேலையே. அத்தொட்டியில் திடப்பொருள் அடியிற் படியும். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை மட்டுமே சிதைக்கும். வழிந்து வெளிவரும் நீர் தெளிந்திருப்பினும் நோய்க்கிருமிகள் அதில் இருக்கும். அதனைத் தெருச் சாக்கடையிற் சேர்த்தல் தகாது. 1854 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வாந்திபேதியால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் சுனோ என்னும் மருத்துவர், அவர்கள் நீர் எடுத்த அடிகுழாயே காரணம் என்று காட்டினார். அக்கிணற்றை ஒட்டி ஒரு கழிவுக்குழி இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றிய நீரே அவ்வளவு உயிரையும் கொண்டது!

தொட்டியின் அடியிற் படிந்த சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். பாதுகாப்பின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. சட்டம் இல்லையெனினும் அது செய்யத் தகாத செயலே. லாரியில் உறிஞ்சிய சேற்றை இருளில் ஓடையிற் கொட்டுவராயின், தொட்டி கட்டியதன் பயன் யாது?

இதற்கு வழி இல்லாமலில்லை. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017 ஆம் ஆண்டு முதல் இச்சேற்றைத் தூய்மை செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. சரளையும் மணலும் பரப்பிய படுகையிற் சேற்றை உலர்த்தி, வடியும் நீரைத் தனியே தூய்மை செய்வது இத்தகைய நிலையங்களில் வழங்கும் எளிய முறைகளுள் ஒன்று. ஒவ்வொரு சிற்றூரும் தனித்தனியே இதனை அமைத்தல் அரிது. பல ஊர்கள் கூடி ஒன்றை அமைக்கலாம். தடை பொருளன்று, இடமே. நிலையம் வேண்டுமென்பார் அனைவரும் அது தம் தெருவிற்கு அருகில் வேண்டாமென்பர். அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் எவ்வூரிற் கூடினும், ஆற்றின் கீழ்க்கரை ஊரார் ஒருவருக்கும் அங்கே இருக்கை அளித்தல் வேண்டும் என்பது என் கருத்து.