நிலைக்கு அடியில்

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசி முடிப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தவறானது என்பதே நம் கருத்து. பதித்த டைல்ஸுக்குத்தான் அதில் கூலி உண்டு. பதிக்கும் முன் தளத்தைச் சீர்செய்வதற்கு இல்லை. கூலியில்லாத வேலை செய்யப்படாமல் போவதில் வியப்பென்ன?

அதை முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் நிலைவாசல். அறையின் நடுவில் கான்கிரீட்டை மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்துவிடலாம். நிலைக்காலின் அருகே பலகை திரும்பாது. நிலையைப் பொருத்தியபோது வழிந்த கலவையும் அங்கேயே இறுகிக் கிடக்கும். ஆகவே வாசலில் ஒரு மேடும் அதையடுத்து ஒரு பள்ளமும் பெரும்பாலும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு முன்கூடத்தில் வேலை எடுத்தவர் மேட்டை அப்படியே விட்டார்; பள்ளத்தில் கலவையைக் கொட்டி, மேலே டைல்ஸை வைத்துத் தட்டிவிட்டார். கதவு உரசிற்று. தச்சரை அழைத்து அடியை இழைத்தோம். தடித்த கலவை காய்ந்து சுருங்க, இரண்டு டைல்ஸ் அடியில் பொள்ளலாகி விரிந்தன. எழும்பி நின்ற விளிம்பில் அம்மாவின் கால் இடறியது. எழுபத்தெட்டு வயதில் மணிக்கட்டு முறிவது சிறு செய்தியன்று.

குற்றம் அவருடையது மட்டுமன்று. சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடியவர்கள் நாம்.

இவ்வாண்டு அனைத்தையும் பெயர்த்தோம். இம்முறை வந்த கொத்தனார் நாட்கூலிக்காரர். ரசமட்டத்தை முதலில் நிலைக்கு அடியில் வைத்தார்.

"இங்கருந்துதான் சார் மட்டம் எடுக்கணும். இங்க விட்டுட்டா வீடு பூரா சமாளிச்சுக்கிட்டே போகணும்."

கதவின் அடிக்கும் தளத்திற்கும் உள்ள இடைவெளியை அளந்தார். டைல்ஸின் கனத்தையும் கலவையின் கனத்தையும் கழித்தால் கதவு ஓட இடம் மிஞ்சவில்லை. உளியும் சுத்தியலுமாக மேட்டைப் பொளிந்து இறக்க ஒரு பகல் போயிற்று. பிறகு தூசியைப் பெருக்கிக் கழுவி, தளத்தை ஊறவிட்டு, தேங்கிய நீரைத் துடைத்த பின்னரே சிமெண்ட் பால் பூசிப் பள்ளத்தைத் தனியே நிரப்பினார். அது இறுகும்வரை டைல்ஸ் பெட்டியைத் திறக்கவில்லை. ஆறடிப் பலகையை எத்திசையில் வைத்தாலும் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது என்பது அவர் கணக்கு.

வாசலுக்கு வெளியே மட்டும் அவர் மட்டம் பார்க்கவில்லை. மழைநீர் உள்ளே வராதபடி வாட்டம் கொடுத்தார். வாட்டம் என்றால் பயிரின் வாட்டம், முகவாட்டம் என்றே வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறோம். நீர் வடியும் சரிவுக்கும் அதுவே பெயரென்று சொன்னதில்லை. கயிறிட்டு அளந்து மனை வகுத்தவரை நெடுநல்வாடை புலவர் என்றே அழைக்கிறது. அப்பகுதியை ஆண்டுதோறும் நடத்திக்கொண்டே, கொத்தனாரிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடியிருக்கிறோம்.

அடுத்த மாதம் சமையலறை வேலை. கணக்கு நோட்டில் டைல்ஸுக்கு முன்பாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம்: தளம் சீர்செய்ய, கொத்தனார் ஒருவர், சித்தாள் ஒருவர், இரண்டு நாள்.