பூசின உடம்பும் சுகப்பிரசவமும்

"நல்லா பூசினாப்ல இருக்கா, பிரசவம் சுலபமா ஆயிடும்." புதுச்சேரி மூலக்குளத்து வீடுகளில் பெண் பார்ப்பதில் தொடங்கி வளைகாப்பு வரை இந்தப் பேச்சு கூடவே வருகிறது. ஒல்லி மருமகளைப் பார்த்துத்தான் கவலை. எடை குறைந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கலாம் என்பதால் அந்தக் கவலை நியாயம்தான். பருத்த உடம்பைச் சத்து என்று கொண்டாடுவதுதான் ஆபத்து.

புதுச்சேரியில் இதை உரக்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேருக்கு எடை அதிகம். நாட்டின் சராசரி 24.

கருவுற்ற எல்லாப் பெண்களிடமும் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்கும். கொழுப்பு மிகுந்த உடம்பில் இன்சுலின் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது தாயின் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது. "நாலு கிலோ!" என்று வீடு பூரிக்கும். பிரசவ அறையிலோ தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம். ரத்தக்கொதிப்பு, சிசேரியன் ஆகியவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

"மாசமானதும் பாத்துக்கலாம்" என்பது அடுத்த சமாதானம். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அந்தக் குழாய் சரியாக மூடாமல் போகும் வாய்ப்பும் உடல்பருமனால் கூடுகிறது. கரு உண்டான பிறகு பட்டினி கிடந்து இளைக்கவும் கூடாது. அதனால் எடையை அதற்கு முன்பே கவனிக்க வேண்டும். எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனை மூலக்குளத்திலிருந்து விழுப்புரம் சாலையிலேயே இருக்கிறது. ஆனால் கல்யாணம் நிச்சயமானதும் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவரும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை.

முதல் பிள்ளைக்குப் பிறகு? "பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். சுவீடனில் ஒன்றரை லட்சம் பெண்களின் முதல் இரண்டு பிரசவங்களை ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. இடையில், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 3 புள்ளிக்கு மேல் கூடியவர்களிடம் கர்ப்பகால நீரிழிவும், பிள்ளை வயிற்றிலேயே இறப்பதும் அதிகமாக இருந்தன. ஐந்தேகால் அடிப் பெண்ணுக்கு 3 புள்ளி என்பது ஏறக்குறைய 8 கிலோ.

கைக்குழந்தையோடு அடுப்படியில் நிற்பவளிடம் "உடம்பைக் குறை" என்று சொல்வது மட்டும் போதாது. தினமும் அரை மணி நேரம் அவள் நடந்துவிட்டு வரட்டும். அதுவரை பிள்ளையைக் கணவன் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.