கரட்டுப் பாதைக்கு எவ்வளவு காற்று?

சைக்கிளோட்டப் பந்தயத்தில் ஈடுபடும் இளைஞரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியுள்ளது. டயர் கல்லைப்போல் இறுகியிருந்தால் வண்டி விரைந்தோடும் என்பதே அது. வழுவழுப்பான பாதையில் இதில் ஓரளவு உண்மை உண்டு. கரடுமுரடான வீதியிலோ இது வேகத்தைக் குறைப்பதுடன், ஓட்டுபவரை வீழ்த்தியும் விடக்கூடும்.

காரணம் எளியது. இறுகிய டயர் சிறு கல்லின்மேல் ஏறிக் குதிக்கும். அவ்வாறு எழும்புந்தோறும், முன்னே செல்ல உதவவேண்டிய சக்தியின் ஒரு பகுதி உடலை அதிரச் செய்து வீணாகிறது. சில்லு நிலத்தைத் தொடாத கணத்தில் பிரேக்கும் பயன்படாது. சற்றே இளகிய டயர் கல்லுக்கு இடங்கொடுத்து, நிலத்தைப் பற்றியவாறே உருளும்.

இவ்வுண்மை புதியதன்று. 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே வில்லியம் ஹியூம் என்னும் வீரர் அத்தகைய டயர்களைப் பூட்டி, பெல்பாஸ்ற் நகரப் பந்தயங்களில் வெற்றி பெற்றார். 1896இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயம் கல் பாவிய பாதைகளுக்குப் பேர்பெற்றது. அங்கு இன்று 30 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் அகன்ற, டியூப் இல்லாத டயர்களே பெரிதும் விரும்பப்படுகின்றன. கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே நசுங்குவதற்கு டியூப் இல்லையாதலால், காற்றைத் துணிந்து குறைக்கலாம். உள்ளே ஊற்றிய திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும்.

வெள்ளவத்தையின் மரைன் டிரைவும் கொட்டாஞ்சேனையில் குழி விழுந்த ஓர் ஒழுங்கையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. 70 கிலோ நிறையுள்ளவர், 28 மில்லிமீற்றர் டயரில் சதுர அங்குலத்துக்கு 70 இறாத்தல் அளவில் தொடங்கலாம். பின்னர் சிறிது சிறிதாகக் குறைத்து, அதே பாதையில் ஓடிப் பார்க்கவேண்டும். பின்சில்லே அதிக பாரத்தைத் தாங்குவதால், முன்சில்லில் இரண்டு மூன்று இறாத்தல் குறைந்திருக்கலாம். குழியில் விளிம்பு இடிபட்டாலோ, திருப்பத்தில் டயர் நெளிந்தாலோ, காற்று மிகக் குறைந்துவிட்டதென அறிந்து மீண்டும் ஏற்றுக. டயரிலும் விளிம்பிலும் பொறித்துள்ள உச்ச அளவுகளுள் குறைந்ததை ஒருபோதும் மீறலாகாது.

விரலால் அழுத்திப் பார்த்து இவ்வளவு நுட்பமாக அறிய இயலாது. பிள்ளைக்குப் பந்தயச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அழுத்தமானி பொருத்திய பம்பு ஒன்றையும் உடன் வாங்கிக் கொடுத்தல் நன்று.