சவ்வூடு பரவலும் ஒரு லிட்டர் நீரும்

பள்ளிப் பாடநூல்களில் சவ்வூடு பரவல் என்னும் நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படுவது வழக்கம். உருளைக்கிழங்கைக் குடைந்து, குழியில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, நீருள்ள தட்டில் வைத்தால், சில மணி நேரத்தில் குழியிலுள்ள கரைசலின் மட்டம் உயர்ந்து நிற்கும். மாணவர் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, தேர்வில் எழுதி, பிறகு மறந்து விடுகின்றனர். வயிற்றுப்போக்கினால் வாடும் குழந்தையின் உயிர் இதே விதியைப் பற்றி நிற்கிறது என்னும் செய்தி அப்பக்கத்தில் இடம்பெறுவது அரிது. இக்குறை சிறியதன்று.

விதி எளியது. நீரைச் செல்லவிட்டு, அதில் கரைந்த பொருளைத் தடுக்கும் சவ்வு இரு கரைசல்களுக்கு நடுவே இருப்பின், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். 1748-ஆம் ஆண்டில் நொல்லே என்னும் பிரெஞ்சு அறிஞர் சாராயம் நிரப்பிய கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீரில் அமிழ்த்தியபோது, அத்தோல் புடைத்தெழக் கண்டார். பின்னாளில் வான்ட் ஹாஃப் இவ்வழுத்தத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர் ஆய்வினால் தெளிவான உண்மையொன்று ஈண்டு முக்கியமானது. நீரை இழுக்கும் வலிமை கரைந்த பொருளின் எடையைப் பொறுத்ததன்று. துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

உயிரணுவின் மேலுறையும் அத்தகைய சவ்வே. இரத்தத்தின் சிவப்பணுவை வாலை நீரில் இட்டால் நீர் உட்புகுந்து அது வெடிக்கும். கடும் உப்பு நீரில் இட்டால், உப்பிலிட்ட மாவடுவைப் போலச் சுருங்கும். நூற்றுக்கு 0.9 பங்கு உப்புள்ள நீரில் மட்டுமே அது தன் வடிவில் நிலைக்கிறது. மருத்துவமனைகளில் நரம்பின் வழியே ஏற்றப்படும் உப்பு நீர் இவ்வளவினதாக இருப்பது தற்செயலன்று.

வாந்திபேதியில் நிகழ்வது யாது? அந்நோய்க் கிருமி வெளியிடும் நஞ்சே கேட்டிற்குக் காரணம் என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-இல் நிறுவினார். அந்நஞ்சினால் குடற்சுவரின் அணுக்கள் குளோரைடை இடைவிடாது வெளியேற்றுகின்றன. சோடியம் அதனைத் தொடர்கிறது. சவ்வூடு பரவலின் விதிப்படி நீரும் பின்செல்கிறது. உடல் வற்றிப்போகிறது. வெறும் நீரைப் புகட்டுவதால் இழந்த உப்பு மீளாது. ஆயினும் குடற்சுவரில் மற்றொரு வாயில் உண்டு. சோடியமும் குளுகோஸும் கைகோத்து வந்தால் அது திறக்கும். நோய்க் காலத்திலும் அது அடைபடுவதில்லை. அவ்விரண்டும் உட்சென்றதும் நீரும் தானே தொடரும்.

1971-இல் மேற்கு வங்காள எல்லையிலுள்ள பன்காவ் நகரின் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்னும் அளவில் கரைத்த நீரை நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு விகிதம் 3.6 ஆகக் குறைந்தது. உறவினரே அதனைப் புகட்டினர் என்பதே இவ்வரலாற்றில் போற்றத்தக்க பகுதி.

அளவு பிசகினால் அதே விதி எதிராகத் திரும்பும். குடலில் சர்க்கரைத் துகள்கள் மிகுந்தால், உடலுக்குள் செல்ல வேண்டிய நீர் உடலிலிருந்து குடலுக்கு இழுக்கப்படும், போக்கு மிகும். இக்காரணம் பற்றியே உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெபும் 2002-இல் கரைசலின் வீரியத்தை லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245-க்குக் குறைத்தன. குளுகோஸ் 20 கிராமிலிருந்து 13.5 கிராம் ஆயிற்று. கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவற்றில் லிட்டருக்கு 100 கிராம் அளவிற்குச் சர்க்கரை உண்டு. உப்போ மிகச் சொற்பம். அத்தகைய பானங்கள் சிலவும் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைத் தாங்கி மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டு வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதனைத் தடுத்தது. தடை நன்று, மிகவும் தாமதமானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மக்களுக்குக் கட்டளை போதும், காரணம் வேண்டியதில்லை என்பார் உளர். அது பொருந்தாது. குழந்தை குடிக்க மறுக்கிறதே என்று ஒரு கரண்டி சர்க்கரையைக் கூட்டுபவள் அன்பினாலேயே அதைச் செய்கிறாள். சர்க்கரை வலுவூட்டும் என்பது அவள் நம்பிக்கை. அது நீரை இழுக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பொட்டலங்களின் நிலையும் குழப்பமானது. ஒரு லிட்டருக்கு உரிய 20.5 கிராம் பொட்டலமும், 200 மில்லிலிட்டருக்கு உரிய சிறு பொட்டலமும் ஒரே கடையில் கிடைக்கின்றன. பெரியதைத் தம்ளர் நீரில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு கடுமையாகும். இரத்தத்தில் சோடியம் மிகுந்து குழந்தையின் மூளைக்கே ஊறு நேரலாம். நீரின் அளவு பொட்டலத்தின் முகப்பில், மற்றெல்லா எழுத்துகளையும் விடப் பெரிதாக, அந்தந்த மாநில மொழியில் அச்சிடப்பட வேண்டும்.

உப்பிட்ட அரிசிக் கஞ்சியை இவ்விடத்தில் மறத்தலாகாது. மாவுச்சத்தின் மூலக்கூறு மிகப் பெரியது. ஆதலின் எடை மிகுந்திருந்தும் துகள்களின் எண்ணிக்கை குறைவு, நீரை இழுக்கும் வலிமையும் குறைவு. குடலில் அது சிறிது சிறிதாகக் குளுகோஸாக மாறுகிறது. வான்ட் ஹாஃபின் கணக்கைக் கற்பிக்க இதனினும் நல்ல உதாரணம் பாடநூலாசிரியர்க்குக் கிடைப்பது கடினம்.

உருளைக்கிழங்குச் சோதனையை நீக்க வேண்டியதில்லை. சற்று மாற்றினால் போதும். ஒரே அளவாக நறுக்கிய இரு துண்டுகளுள் ஒன்றை முறைப்படி ஒரு லிட்டரில் கரைத்த நீரிலும், மற்றொன்றை அதே பொட்டலத்தைத் தம்ளரில் கரைத்த நீரிலும் இட்டு வைக்கலாம். மறுநாள் முதல் துண்டு ஏறத்தாழ விறைப்பாகவே இருக்கும். இரண்டாவதைக் கையில் எடுத்தால் துவண்டு வளையும்.