முள்ளைத் திருப்பும் கை யாருடையது?

வானொலிக்குச் செவி கொடுப்போர் குறைகின்றனராம். உடனே பிறக்கிறது வாதம்: சினிமாப் பாட்டைக் கூட்டுவதா, சங்கீதத்தைக் கூட்டுவதா? நாம் கேட்கிறோம்: மாற்றும் உரிமை யாருக்கு?

பழைய பாடம் ஒன்று உண்டு. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதமே உயர்ந்தது என்று கருதியவர், சினிமாப் பாட்டுக்கு அளவு கட்டினார். பம்பாய்ப் படத் தயாரிப்பாளர்கள் கசந்து, பாட்டு உரிமையைத் திரும்பப் பெற்றனர். விரட்டப்பட்டது பாட்டா? அல்ல, கேட்பவன்! அவன் முள்ளைத் திருப்பினான். இலங்கை வானொலி வரவேற்றது. விளம்பரப் பணமும் கொழும்புக்குக் கப்பலேறிற்று. ஐந்தாண்டு கழிந்து, 1957 அக்டோபர் 3-இல், விவித பாரதி என்ற பெயரில் அதே பாட்டை அழைத்து வந்தது டில்லி! அமைச்சரின் செவி இரண்டு. மக்களின் செவி பல கோடி. வென்றது எது?

அதற்காக, நாள் முழுதும் சினிமாப் பாட்டையே கொட்டச் சொல்லவில்லை நாம். அதற்குத் தனியார் பண்பலை உண்டு, கைப்பேசி உண்டு. அவை தராததைத் தருவதே உள்ளூர் நிலையத்தின் உயிர்.

ஏழாயிரம்பண்ணையிலே, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறார் தொழிலாளத் தோழர். நெல்லை வானொலியைத் திருப்பினால், விரும்பிய சினிமாப் பாட்டோடு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கேட்கட்டும். கரிசல் மண்ணின் பேச்சும், பட்டாசு ஆலைப் பாதுகாப்பும், கூலி உரிமையும் ஒலிக்கட்டும்!

பட்டியலை டில்லி எழுத வேண்டாம், பண்ணையூர் எழுதட்டும். நிலையம் தானே நிமிரும்!